கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு – 14: அடைக்கலமும் கூலியும்

பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கின் சாகுபடியையும் நிலமதிப்பையும் எவ்வாறு மாற்றியது என்பது சென்ற அத்தியாயத்தில் விளக்கப்பட்டது. அந்த நீரால் உருவான வேளாண் பொருளாதாரத்தையும், அதற்கு மேலே மலையில் வளர்ந்த ஏலத்தோட்டப் பொருளாதாரத்தையும் நாடி வெவ்வேறு காலங்களில் புகலிடம் தேடி வந்தவர்கள் எந்த இடத்தைப் பெற்றனர், அவர்களுக்கும் ஏற்கெனவே அங்கு வாழ்ந்தவர்களுக்கும் இடையே நிலம், கூலி, கடன், வணிகம் ஆகியவற்றில் எத்தகைய உறவு அமைந்தது என்பதை இந்த அத்தியாயம் ஆராய்கிறது. இந்த ஆய்வுக்குக் கூடலூர் பொருத்தமான மையமாகிறது. ஏனெனில் லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கு ஏறும் மலைச்சாலையின் அடிவாரத்தில், கேரள எல்லைக்கு முன்னுள்ள கடைசி நகராட்சியாக அமைந்த இவ்வூரில்தான் கீழ்நாட்டு வயலின் கூலியும் மேல்மலைத் தோட்டத்தின் கூலியும் ஒவ்வொரு நாளும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன.

வந்தவர்களால் ஊருக்கு ஆதாயமா, நட்டமா என்ற கேள்வி புகலிடம் பற்றிய விவாதங்களில் எப்போதும் முன்வைக்கப்படுகிறது. ஆனால் ஊர் முழுமைக்கும் பொதுவான ஒரே விடை இக்கேள்விக்குக் கிடையாது. நிலமுடையவருக்கும் கடைக்காரருக்கும் அன்றாடக் கூலிக்காரருக்கும் தனித்தனிக் கணக்குகள் உண்டு. ஒருவருக்கு வரவாக அமைவது மற்றொருவருக்குச் செலவாக அமையலாம். அந்தக் கணக்குகள் எவ்வாறு முடியும் என்பதை வந்தவர்களின் எண்ணிக்கையைவிட, அவர்களுக்குச் சட்டமும் அரசும் எத்தகைய நிலையை அளித்தன என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. அவர்கள் நிலம் வைத்திருக்கலாமா, விரும்பிய இடத்துக்குச் சென்று வேலை தேடலாமா, கூலியைப் பேசி முடிக்கலாமா என்னும் மூன்று கேள்விகளை இந்தப் பகுதியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுப்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

இங்கு மூன்று சட்டநிலைகளைப் பிரித்தறிவது இன்றியமையாதது. துன்புறுத்தலுக்கு அஞ்சித் தம் நாட்டின் எல்லையைக் கடந்து, அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாமல் வேறொரு நாட்டில் தஞ்சம் புகுந்தவர் அகதி எனப்படுகிறார். இதனை வரையறுத்த 1951ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், இந்தியாவில் அகதியின் உரிமைகள் தனிச்சட்டத்தால் அல்லாமல் அரசாணைகளால் முடிவு செய்யப்படுகின்றன. இரு அரசுகளின் ஒப்பந்தப்படி குடியுரிமை பெற்று இந்தியா வந்தவர் தாயகம் திரும்பியவர் எனப்படுகிறார். நாட்டின் எல்லையைக் கடக்காமலே, கலவரத்தாலோ பேரிடராலோ வாழ்ந்த இடத்தை விட்டு வெளியேறியவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் ஆவார். இந்த மூன்று நிலைகளும் இந்த மலைத்தொடரை ஒட்டிய தமிழ் உழைப்பாளர்களின் வரலாற்றில் காணப்படுகின்றன.

நிலம் மிகுந்திருந்த காலம்

இவற்றுக்கெல்லாம் முந்தைய அடுக்கு ஒன்றும் உண்டு. கம்பம் பகுதியில் வாழும் கன்னட மொழியினரான காப்பிலியர் என்னும் ஒக்கலிகர் சமூகத்தின் வாய்மொழி மரபு, வடக்கே ஏற்பட்ட ஆட்சிக் குழப்பத்துக்கும் ஒடுக்குமுறைக்கும் தப்பித் தம் முன்னோர் தெற்கே வந்தனர் என்றும், வெள்ளம் பெருகிய துங்கபத்திரையைக் கடக்க முடியாமல் நின்றபோது கரையிலிருந்த புங்க மரங்கள் வளைந்து வழிவிட்டன என்றும் கூறுகிறது. மரங்கள் வளைந்ததை வரலாறாகக் கொள்ள இயலாது எனினும், உயிருக்கு அஞ்சி இடம்பெயர்ந்தோம் என்ற நினைவு தலைமுறைகளைக் கடந்து காக்கப்பட்டிருப்பது வரலாற்றுச் செய்தியே. அவர்கள் மாட்டு மந்தைகளோடு வந்த மக்கள் என்பதற்கு, கம்பம் நந்தகோபாலன் கோயிலை ஒட்டித் தம்பிரான் மாட்டுத் தொழு என்ற பெயரில் இன்றும் பேணப்படும் கோயில் மந்தை சான்றாக நிற்கிறது.

பெரியாற்று நீர் வருவதற்கு முன்னர் பள்ளத்தாக்கில் சாகுபடிக்கு உட்படாத நிலம் மிகுதியாக இருந்தது. குறைவாக இருந்தவை உழவு மாடும் உரமும் உழைக்கும் ஆளும்தான். மந்தையோடு வருபவர் இம்மூன்றையும் கொண்டுவருகிறார். அறுவடை முடிந்த வயலில் மாடுகளை இரவில் அடைத்து அவற்றின் சாணமும் கோமியமும் நிலத்திலேயே சேரும்படி செய்யும் கிடை போடுதல் என்ற முறையில், நிலமுடையவர் தானியமோ பணமோ கொடுத்து உரம் பெறுகிறார், மந்தைக்காரர் மேய்ச்சலையும் உணவையும் பெறுகிறார். இத்தகைய சூழலில் வந்தவர் எவருடைய கூலியையும் குறைக்க வேண்டியதில்லை. நாளடைவில் தாமே நிலம் திருத்தி உழவராகவும் முடிகிறது. இப்பகுதியில் பிற்காலத்தில் வந்த எந்தக் குழுவுக்கும் இந்த வாய்ப்பு மீண்டும் கிடைக்கவில்லை.

அந்த வாயிலை அடைத்தது 1895ஆம் ஆண்டு. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசுடன் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி எழுப்பப்பட்ட பெரியாற்று அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இன்று 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்த நீரால்தான். நிலம் விலைமதிப்புள்ள சொத்தாக மாறிய பின்னர், வெறுங்கையோடு வருபவர் உழவராகும் வழி அடைபட்டு, கூலியாகும் வழி மட்டுமே திறந்திருந்தது.

அதே காலத்தில் மலைக்கு மேலே மற்றொரு பொருளாதாரம் வேரூன்றிக்கொண்டிருந்தது. திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைச் சரக்காக இருந்த ஏலக்காய், தனியார் தோட்டப் பயிராக விரிவடைந்தபோது, கம்பம், போடி பகுதிகளைச் சேர்ந்த தமிழ் நிலவுடைமையாளர்கள் பலர் மலையில் தோட்டம் கொண்டனர். அவற்றில் உழைத்தவர்களும் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் மக்களே. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுந்திருந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தோடு இணைந்தன. தோட்டம் ஒரு மாநிலத்திலும், அதன் உடைமையாளரும் உழைப்பாளரும் மற்றொரு மாநிலத்திலும் என்ற பிளவு அன்று சட்டவடிவம் பெற்றது. பின்னர் காணவிருக்கும் 2011ஆம் ஆண்டின் நெருக்கடியில் அதுவே பெரும் விளைவுகளை உண்டாக்கியது.

ஒப்பந்தம் அனுப்பிய மக்கள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்கள், 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலும் நாடற்றவர்களாயினர். நாடற்றவர் என்போர் எந்த நாட்டாலும் குடிமக்களாக ஏற்கப்படாதவர்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், அவ்வாறு இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தங்களைப் பற்றிய இந்தப் பங்கீட்டில் அந்த மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. 1964 ஒப்பந்தத்தைத் தொடர்ந்த இருபது ஆண்டுகளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் அதிகம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலிகளை நிறுத்தி மருத்துவச் சோதனை செய்து அனுப்பிய அதே மண்டபம் முகாமே, அவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பிவரும் வாயிலாகவும் ஆனது.

இவர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்கள். நிலம் வாங்கவும் விரும்பிய இடம் செல்லவும் கூலி பேசவும் உரிமை பெற்றவர்கள். ஆயினும் உரிமையைப் பயன்படுத்துவதற்கான முதல் அவர்களிடம் இல்லை. அரசு வகுத்த மறுவாழ்வுத் திட்டங்களில் மிகப் பலருக்குக் கிடைத்தது வணிகக் கடன். ஐயாயிரம் ரூபாய் அளவிலான அந்தச் சிறுகடனைப் பெற்றுக் கடை வைக்கச் சொல்லப்பட்டவர்கள், கொழுந்து பறிப்பதையும் கவாத்து செய்வதையும் தவிர வேறு தொழில் அறியாதவர்கள். கவாத்து என்பது செடியின் வேண்டாத கிளைகளையும் காய்ந்த பகுதிகளையும் வெட்டிச் சீராக்கும் தோட்டவேலை. அறியாத ஊரில், கடன் சொல்லிச் சரக்கு எடுக்க எவரும் அறிமுகம் இல்லாத நிலையில், ஏற்கெனவே கடைகள் நிலைபெற்ற கடைத்தெருவில் ஒருவர் வணிகராக முடியாது. கடன் தொகை பல குடும்பங்களில் சில மாத உணவுச் செலவாகக் கரைந்தது. சில குடும்பங்களில் இடைத்தரகர்களின் கைக்குப் போனது. அதன் பின் அவர்கள் தாம் அறிந்த வேலையைத் தேடி மலைகளை நோக்கி நகர்ந்தனர். கம்பம் பள்ளத்தாக்குக்கு வடகிழக்கே உள்ள கொடைக்கானல் மலையில், மரம் வெட்டும் கூப்புக் காடுகளில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கொத்தடிமைகளாக வேலை வாங்கப்பட்டது 1980களில் வெளிச்சத்துக்கு வந்தது. குடியுரிமைச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தவர்களே இந்நிலைக்கு ஆளானார்கள் என்பது, முதலும் அறிமுகமும் துணை நிற்காத உரிமை எவ்வளவு எளிதாகப் பறிபோகும் என்பதைக் காட்டுகிறது.

தோட்டவேலையே வழங்கிய திட்டங்களும் இருந்தன. இவற்றுள் பெரியது, நீலகிரி மாவட்டத்திலுள்ள கூடலூரையும் பிற மலைப்பகுதிகளையும் சார்ந்து 1968இல் வனத்துறையால் தொடங்கப்பட்டுப் பின்னர் டான்டீ என்று அறியப்பட்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்த திட்டம். இந்தத் தொடர் பேசும் தேனி மாவட்டக் கூடலூரும் நீலகிரிக் கூடலூரும் வெவ்வேறு ஊர்களாயினும், அங்கு நடந்தவை இங்குள்ள நிலையைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. அங்கு வந்தவர்களுக்கு வேலையும் குடியிருப்பும் உறுதியாயின. மாதச் சம்பளம் செலவிடப்பட்டதால் கடைத்தெருக்கள் வளர்ந்தன. அதே வேளையில், தேயிலைக்காகக் காடு திருத்தப்பட்டபோது, அந்தக் காட்டில் பொருள் சேகரித்து வாழ்ந்த பழங்குடியினரின் வாழ்வாதாரம் சுருங்கியது. மறுவாழ்வின் விலையில் ஒரு பகுதியை அவ்வட்டாரத்திலேயே மிக ஏழ்மையான மக்கள் செலுத்த நேர்ந்தது. தொடர் நட்டத்தால் 2022இல் கழகத்தின் ஏறத்தாழ 2,152 ஹெக்டேர் தோட்டநிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, அரை நூற்றாண்டு உழைத்த குடும்பங்களுக்கு உழைத்த மண்ணிலோ குடியிருந்த வீட்டிலோ உரிமை இல்லை என்பது மீண்டும் வெளிப்பட்டது.

கவியின் ஏலத்தோட்டம்

தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு வழியாகச் சென்றால் அடையக்கூடிய கவி என்னும் காட்டூர், இந்த வரலாற்றில் தனி இடம் பெறுகிறது. 1975இல் அமைக்கப்பட்ட கேரள வன வளர்ச்சிக் கழகம், பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய இப்பகுதியில் ஏலத்தோட்டம் அமைத்து, தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை அங்குக் குடியேற்றியது. கொல்லம் மாவட்டத்துப் புனலூர்ப் பகுதியிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் இதே போன்று ரப்பர்த் தோட்டங்களில் இக்குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. இத்திட்டங்கள் அனைத்துக்கும் அடிப்படையான சிந்தனை ஒன்றே: தோட்டத்தில் உழைத்தவர்களைத் தோட்டத்திலேயே அமர்த்த வேண்டும், அதனால் அவர்களுக்கு வேலை கிடைக்கும், அரசுக்கு ஏற்றுமதிப் பயிர் கிடைக்கும்.

தேயிலைத் தோட்டத்தில் பழகிய கைக்கு ஏலத்தோட்டத்தின் வேலை எளிதில் கைவருவதில்லை. தேயிலையில் கொழுந்து நின்ற நிலையில் பறிக்கப்படுகிறது. ஏலச்செடியிலோ காய் பிடிப்பது தூரிலிருந்து கிளம்பி மண்ணையொட்டிப் படரும் சரங்களில். ஆகவே காய் எடுக்கும் பெண் தூருக்குத் தூர் குனிந்தும் குந்தியும் நகர்ந்து, இலைச் சருகை விலக்கி, ஒரே சரத்தில் முற்றிய காய்களை மட்டும் தேர்ந்து பிஞ்சுக்கும் பூவுக்கும் சேதமின்றிக் கிள்ள வேண்டும். அட்டைக்கடியும் ஓயாத ஈரமும் அந்த வேலையோடு சேர்ந்தவை. ஒரு தோட்டத்தில் முப்பது முதல் நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் காய் எடுக்கப்படுகிறது. மாலையில் எடைபோட்ட பச்சைக்காய், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடத்தில் சூட்டில் காய்ந்து, ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. பிஞ்சைப் பறித்துவிட்டால் அந்தச் சுருக்கம் இன்னும் மிகுதியாகும், ஏலம் விடும்போது விலையும் விழும். அடுத்த சுற்றில் எடுக்க வேண்டிய காயும் போய்விடும். ஆகவே பழகிய கையை இழப்பது தோட்டக்காரருக்கு நேரடி நட்டமாகிறது. ஏலத்தோட்டத்தில் உழைப்பாளருக்கு ஓரளவேனும் பேரம் பேசும் வலு கிடைப்பது இந்தத் திறமையினால்தான்.

கவியில் குடியேறியவர்கள் இத்திறமையைப் பெற்றார்கள்; பேரம் பேசும் வலுவை முழுமையாகப் பெறவில்லை. குடியிருப்பும் வேலையும் ஒரே கழகத்தின் கையில் இருந்ததால், வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற நிலை அவர்களைக் கட்டியது. தோட்ட உலகில் லயம் எனப்படும் வரிசை வீடுகளின் இந்த அமைப்பு, அவர்களின் முன்னோர் கண்டியிலும் நுவரெலியாவிலும் வாழ்ந்த அமைப்பேயாகும். கடல் கடந்து திரும்பிய மக்கள் நாட்டை மாற்றினார்கள், குடியுரிமை பெற்றார்கள், ஆனால் உற்பத்தியில் அவர்கள் வகித்த இடம் மாறவில்லை. பிற்காலத்தில் கவி சூழல் சுற்றுலாத் தலமாக வளர்ந்தபோது, இக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் சமையற்பணியாளர்களாகவும் புதிய வருவாய் வழியைக் கண்டனர். தோட்டக்கூலி ஒன்றையே நம்பியிருந்த சமூகத்துக்கு இரண்டாவது வருவாய் வழி கிடைத்தது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

முகாமும் ஊரும்

1983 ஜூலை இனவன்முறைக்குப் பின் வந்தவர்கள் முற்றிலும் வேறு நிலையினர். ஒப்பந்தப்படி வராமல், போரினால் துரத்தப்பட்டு, பெரும்பாலும் படகுகளில் வந்த இவர்கள் சட்டத்தின் பார்வையில் அயல்நாட்டவர். தமிழ்நாடு அரசு 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அவ்வாண்டில் 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே காவல்துறையில் பதிவு செய்துகொண்டு 34,087 பேரும் வாழ்ந்தனர். பணக்கொடை எனப்படும் மாத உதவித்தொகையும், கிலோ 57 காசு என்ற விலையில் நெடுங்காலம் வழங்கப்பட்ட அரிசியும் அவர்களைப் பட்டினியிலிருந்து காத்தன. இந்த உதவி பெரும் மனிதநேயச் செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் உதவித்தொகையால் மட்டும் எந்தக் குடும்பமும் வாழ்ந்ததில்லை. முகாமின் ஆண்களும் பெண்களும் சுற்றியுள்ள ஊர்களில் கூலி வேலைக்குச் சென்றே வாழ்ந்தனர்.

அந்த வேலையின் தன்மையை முகாமின் விதிகள் வடிவமைத்தன. குறிப்பிட்ட நாட்களில் அதிகாரிகள் முன் நேரில் நின்று பெயரைப் பதிய வேண்டிய கணக்கெடுப்பு முறை இருந்தமையால், தொலைவூர்களில் நீண்ட நாள் தங்கிச் செய்யும் வேலைகளை ஏற்பது அரிதாயிற்று. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் கண்காணிப்பு மேலும் இறுகியது. குடியுரிமை இல்லாததால் அரசு வேலை இல்லை. வீடோ நிலமோ ஈடாகக் காட்ட முடியாததால் வங்கிக்கடன் அரிது. எஞ்சியது அன்றாடம் சென்று அன்றாடம் கூலி பெறும் வேலை. முகாம் இளைஞர்களில் மிகப் பலர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலில் சேர்ந்தது இதனால்தான்: தூரிகையும் ஏணியும் போதும், பெருமுதல் வேண்டாம், உறவினர் ஒருவரிடமே தொழிலைக் கற்கலாம், எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. பட்டம் பெற்ற இளைஞர்களும் இதே வேலைக்கு வந்தது, தமிழ்நாட்டின் பொருளாதாரம் அவர்களின் கல்வியிலிருந்து பெற்றிருக்கக்கூடிய பயனைப் பெறாமல் விட்டதைக் காட்டுகிறது.

இதில் ஏற்கும் சமூகத்தின் கணக்கு எவ்வாறு அமைந்தது? கட்டட ஒப்பந்தக்காரருக்கு நம்பகமான, சங்கம் அமைத்துப் போராட அஞ்சும் உழைப்பாளர் கிடைத்தார். முகாமை ஒட்டிய மளிகைக் கடைக்குத் தவறாத வாடிக்கை கிடைத்தது. அதே ஊரின் கூலிக்காரருக்கோ, தமக்குக் குறைந்த கூலிக்கும் வேலை செய்யக்கூடிய போட்டியாளர் வந்துவிட்டார் என்ற அச்சம் உண்டாயிற்று. உண்மையில் கூலியைக் குறைக்கும் ஆற்றல் அந்தப் போட்டியாளரிடம் இல்லை. அவரைத் தம் விருப்பப்படி கூலி பேச விடாத விதிமுறையிடமும், அந்த விதிமுறையைப் பயன்படுத்திக்கொள்ளும் வேலைகொடுப்பவரிடமும் அது இருந்தது. 2021இல் முகாம்கள் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டு, 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டவும் உதவித்தொகையை உயர்த்தவும் அறிவிப்பு வந்தது வரவேற்கத்தக்க மாற்றம். எனினும் குடியுரிமை இல்லாத வரை பேரம் பேசும் வலு முழுமையடையாது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவம் அல்ல. கிராமப்புற அகதிகளை ஏற்ற ஆப்பிரிக்க நாடுகளை ஆராய்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் வளர்ச்சியியல் அறிஞர், அகதிகளின் நலனைக் கவனிக்கும் நிறுவனங்கள் ஏற்கும் ஊரின் ஏழைகளைக் கவனிக்கத் தவறுகின்றன என்றும், அவர்களே கண்ணுக்குத் தெரியாமல் இழப்பவர்கள் என்றும் 1986இல் எடுத்துக்காட்டினார். 1993, 1994ஆம் ஆண்டுகளில் புருண்டியிலிருந்தும் ருவாண்டாவிலிருந்தும் பெருந்திரளாக அகதிகளை ஏற்ற தான்சானியாவின் ககேரா வட்டாரத்தைப் பற்றிய பிற்கால ஆய்வுகள், மலிவான உழைப்பைப் பெற்ற உழவர்கள் பயனடைந்ததையும், விவசாயக் கூலிகள் போட்டியால் பாதிக்கப்பட்டதையும் பிரித்துக் காட்டின. உகாண்டாவில் அகதிகளுக்குச் சாகுபடி நிலமும், நடமாடவும் தொழில் செய்யவும் உரிமையும் அளிக்கப்பட்டபோது, அவர்கள் நடத்திய சிறுதொழில்களில் உள்ளூர் மக்களும் வேலை பெற்றனர் என்பதை 2014இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். உரிமை குறைந்த இடத்தில் அகதி உள்ளூர்க் கூலியின் போட்டியாளராகிறார். உரிமை மிகுந்த இடத்தில் அவரே வேலை கொடுப்பவராகவும் ஆகிறார்.

2011 டிசம்பர்

உரிமைக்கும் கூலிப்போட்டிக்கும் உள்ள இந்த உறவைக் கூடலூர் தன் கண்ணெதிரே கண்டது 2011இன் இறுதியில். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான உழைப்பாளர்கள், அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகள் வழியே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புவது வழக்கம். விபத்துகள் மிகுந்த அப்பயணத்தை அவர்கள் ஏற்பதற்குக் காரணம், கேரளத்தில் தோட்டக்கூலி கீழ்நாட்டு வயற்கூலியைவிட உயர்ந்து இருப்பதே. இவர்களைத் தவிர, உடும்பன்சோலை, பீருமேடு வட்டாரத் தோட்டங்களிலேயே தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அவ்வாண்டு இடுக்கி மாவட்டத்தில் உணரப்பட்ட நில அதிர்வுகளைத் தொடர்ந்து, பெரியாற்று அணை உடைந்துவிடும் என்ற அச்சம் கேரளத்தில் பரவி, அணையைப் பற்றி இரு மாநிலங்களுக்கிடையே இருந்த நெடுநாள் வழக்கு தெருவுக்கு வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் குமுளியில் மோதல்கள் மூண்டன. தமிழ்நாட்டு வாகனங்கள் தாக்கப்பட்டன. அதற்கு எதிர்வினையாகப் பள்ளத்தாக்கில் மலையாளிகளின் கடைகளும் உடைமைகளும் தாக்கப்பட்டன; ஊர் ஊராக மக்கள் திரண்டு குமுளியை நோக்கிப் புறப்பட, எல்லை மூடப்பட்டது. மலையில் குடியிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர், மிரட்டலுக்கு அஞ்சிக் குழந்தைகளோடும் கையில் அகப்பட்ட பொருள்களோடும், சிலர் காட்டுப்பாதைகள் வழியாகவும், தேனி மாவட்டத்துக்குள் இறங்கினர். தம் நாட்டுக்குள்ளேயே ஒரு மாநில எல்லையைக் கடந்து தஞ்சம் புகுந்த அவர்களை அரசு தற்காலிகமாகத் தங்கவைத்து உணவளித்தது. ஊரார் அரிசியும் துணியும் திரட்டிக் கொடுத்தனர்.

இந்த வாரங்களின் பொருளாதாரக் கணக்கு உற்று நோக்கத்தக்கது. டிசம்பர் மாதம் காய் எடுக்கும் பருவம். எல்லை மூடியதால் தோட்டங்களில் ஆளின்றிக் காய் முற்றி வெடித்தது. தோட்ட உடைமையாளர் மலையாளியா தமிழரா என்ற வேறுபாடு அந்த நட்டத்துக்குத் தெரியவில்லை, ஏனெனில் போடியிலும் கம்பத்திலும் வாழும் தமிழ் உடைமையாளர்களின் தோட்டங்களும் அதே மலையில்தான் இருந்தன. கேரளச் சந்தையை நம்பிப் பயிரிட்ட பள்ளத்தாக்கின் காய்கறியும் வாழையும் திராட்சையும் தேங்கி விலை விழுந்தன. கேரளத்துக் கடைத்தெருக்களில் அவற்றின் விலை ஏறியது. ஆயினும் உடைமையாளரும் வணிகரும் ஒரு பருவத்தின் நட்டத்தைத் தாங்கக்கூடியவர்கள். அன்றாடம் மலையேறிய கூலிக்காரப் பெண்ணுக்கு அவ்வாறு தாங்குவதற்கு எதுவும் இல்லை. அவர் வேலையிழந்து ஊரில் நின்ற அதே நாட்களில்தான் மேலிருந்து இறங்கியவர்களும் வந்து சேர்ந்தனர். இரு சாராரும் ஒரே வயல் வேலையை எதிர்பார்த்து நிற்கும் நிலை உருவானது. உறவாலும் மொழியாலும் ஒன்றுபட்ட மக்களிடையே கூட, வேலை ஒன்றாகவும் கை இரண்டாகவும் இருக்கும்போது அடைக்கலத்தின் சுமை ஏழையின் தோளிலேயே முதலில் இறங்குகிறது.

கொந்தளிப்பு அடங்கிய பின் மலைக்குத் திரும்பும் நகர்வு தொடங்கியது. அஞ்சி ஓடியவர்களைத் திரும்ப அழைத்தது தோட்டங்களின் தேவை. மிரட்டப்பட்ட இடத்துக்கே திரும்பச் செய்தது கீழே வேலையும் நிலமும் இல்லாத அவர்களின் நிலை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அணையின் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த அனுமதித்துத் தீர்ப்பளித்தது. நீரின் உயரம் அதில் வரையறுக்கப்பட்டது. எல்லை மூடப்படும் நாட்களில் கூலியிழப்பவருக்கு யார் ஈடு செய்வது என்ற கேள்வி எந்த அரசின் மேசைக்கும் வரவில்லை. அந்த நெருக்கடியின் பின் ஏலத்தோட்டங்களில் வட இந்தியத் தொழிலாளர்களை அமர்த்தும் போக்கும் வளர்ந்திருப்பதால், பள்ளத்தாக்கின் உழைப்பாளர்கள் தாமே இப்போது வந்தவர்களோடு போட்டியிடும் உள்ளூராராக மாறியுள்ளனர்.

மூன்று கணக்குகள்

இதுவரை கூறப்பட்டவற்றைத் தொகுத்தால், தொடக்கத்தில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கும் விடை காண முடிகிறது. மந்தையோடு வந்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. அவர்கள் சில தலைமுறைகளில் உழவராகி ஊரின் செல்வத்தைப் பெருக்கினர். ஒப்பந்தத்தால் வந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் அரசுத் தோட்டங்களின் கூலிகளாயினர், அல்லது முன்பணத்தில் கட்டுண்டனர். போரால் வந்தவர்களுக்கு நிலமும் குடியுரிமையும் கிடைக்கவில்லை. அவர்களின் திறமை குறைந்த கூலிக்கு விலைபோனது. 2011இல் இறங்கி வந்தவர்களுக்குக் குடியுரிமை இருந்தும், வாழுமிடத்தில் நிலம் இல்லாததால் அஞ்சிய இடத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

ஆகவே அடைக்கலம் தரும் சமூகம் தன் ஏழைகளைக் காத்துக்கொள்ளச் செய்யத்தக்கது, வந்தவரை விலக்கி வைப்பது ஆகாது. அவரைக் கூலியில் சமமாக்குவதே ஆகும். குறைந்தபட்சக் கூலி வந்தவருக்கும் உள்ளவருக்கும் ஒரே அளவில் நடைமுறையாகும்போதும், வந்தவர் சங்கத்தில் சேரவும் இடம் மாறவும் கடன் பெறவும் முடியும்போதும், அவரைக் கருவியாகக் கொண்டு உள்ளூர்க் கூலியைக் குறைக்கும் வழி அடைபடுகிறது. வந்தவரின் உரிமையைக் குறைத்து உள்ளூர்க் கூலிக்காரர் பயன்பெற்றதாக இந்த நெடிய வரலாற்றில் ஒரு சான்றும் இல்லை. அந்தக் குறைவினால் பயன்பெற்றவர்கள் எப்போதும் வேலை வாங்கியவர்களே. அரசுகள் அடுத்த முறை மறுவாழ்வுத் திட்டம் வகுக்கும்போது, கடன் தொகையையும் வீடுகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுவதற்கு முன், வருபவரும் ஊரின் கூலிக்காரரும் எந்தக் கூலியில், எந்த உரிமையோடு அருகருகே நிற்கப் போகிறார்கள் என்பதைக் கணக்கிட வேண்டும்.

மலைத் தோட்டங்களில் கூலியை உயர்த்திய தொழிற்சங்கங்களின் எழுச்சியும், மாநில எல்லையின் இரு பக்கத்துத் தொழிலாளர்களையும் ஒரே அமைப்பில் சேர்க்க அவை எடுத்த முயற்சிகளும் அடுத்த அத்தியாயத்தில் ஆராயப்படும்.